ஆறாத உதடும் பூசு மருந்தும்

ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த செட்டிபாளையத்திலே வெயிலும் உப்புக்காற்றும் எமக்குப் புதியன அல்ல. உதடு வெடித்தால் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு வலைக்கோ வயலுக்கோ சென்றுவிடுகின்றோம். பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். ஆறாத உதட்டைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

பிளாஸ்மாக்கல உதட்டழற்சி என்பது மிக அரிதானதொரு நோய். பெரும்பாலும் முதியோரின் கீழுதட்டிலே, எல்லை தெளிந்த பளபளப்பான செந்நிறத் திட்டாகத் தோன்றும். சிலவேளை புண்ணாகி எரியும். உடலுக்குக் காவற்பொருள்களை ஆக்கும் பிளாஸ்மாக் கலங்கள் உதட்டின் இழையத்திலே திரண்டு நிற்பதே இதன் அடையாளம். அவை அங்ஙனம் திரள்வதன் காரணம் இன்னும் துணியப்படவில்லை. எனினும் இது புற்றுநோய் அன்று.

ஆயின், நெடுங்காலம் வெயில் பட்ட உதட்டிலே தோன்றும் புற்றுநோயும் அதன் முன்னிலையும் இதே கோலத்தில் வரக்கூடும். கண்ணால் மட்டும் பிரித்தறிதல் அரிது. ஆதலின் வைத்தியர் உதட்டை மரக்கச் செய்து, சிறு துணுக்கொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ்ச் சோதிப்பர்.

நோய் இன்னதெனத் தெளிந்தபின் ஸ்டீரொயிட் களிம்பு பூசுவது வழக்கம். அதனை நெடுநாள் பூசின் தோல் மெலியும். அக்குறையில்லாத பிறிதொரு மருந்து தக்ரோலிமஸ். யப்பானிலே சுக்குபாப் பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து 1984 இல் இது கண்டறியப்பட்டது. மாற்றிப் பொருத்திய உறுப்பை உடல் ஒதுக்காதிருக்க முதலில் உதவிய இம்மருந்து, 2000 இல் தோலழற்சிக்குரிய களிம்பாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. 0.03, 0.1 சதவீத அளவுகளில் இது கிடைக்கின்றது. அழற்சியைத் தூண்டும் வெண்கலங்களை இது அடக்குகின்றது. தொடக்கத்தில் சிறிது எரிவு உண்டாகலாம். இவ்வுதட்டு நோயில் இதனாற் குணமடைந்தோரை மருத்துவ ஏடுகள் குறித்துள்ளன; நிறுத்தியபின் நோய் மீளுதலும் உண்டு.

உடலின் காவலை அடக்கும் இம்மருந்தைப் புற்றுநோயின் மீதோ அதன் முன்னிலையின் மீதோ பூசுதல் தகாது. அயல்வீட்டார்க்குக் கொடுத்த களிம்பை நாமும் கேட்டு வாங்கிப் பூசுவதன் ஆபத்து இதுவே. சோதனை முந்துக, களிம்பு பிந்துக.

மூன்று வாரம் கடந்தும் ஆறாத உதட்டுப்புண்ணைக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ காட்டுதல் வேண்டும். மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரின் கீழுதட்டை ஒருமுறை உற்றுநோக்குவாராக.