சாரலைப் படம் பிடிப்போமா?

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கீழப்பாவூரில் மேற்கேயிருந்து ஜிலுஜிலு என்று காற்று வரும். சில நாட்களில் பூவாளியால் தெளித்தது போலச் சாரலும் கூடவே வரும். கன்னத்தில் படும், சட்டை நனையும். உடனே செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தெரு இருக்கும், தென்னை இருக்கும். சாரலை மட்டும் காணோம்! எங்கே போயிற்று?

டொரண்டோவில் படிக்கும் என் பேத்திக்கும் இதே குறைதான். அங்கே பஞ்சு பஞ்சாகப் பனி கொட்டுகிறதாம். படத்தில் பார்த்தால் வெறும் சாம்பல் நிற வானம். (நம் ஊர் மார்கழிப் பனி வேறு. 'பனி பெய்கிறது' என்கிறோமே தவிர, அது மேலிருந்து விழுவதில்லை. காற்றில் உள்ள நீராவி, புல்லின் மேலேயே குளிர்ந்து துளியாகிறது.)

விழுகிற துளி படத்தில் மறைவது ஏன்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை 'ஷட்டர் வேகம்' என்பார்கள். சாரல் துளி நொடிக்குச் சுமார் 2 மீட்டர் இறங்கும். ஷட்டர் நொடியில் 30-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் துளி ஏறக்குறைய 7 செ.மீ. ஓடிவிடும். அரை மில்லிமீட்டர் துளியை 7 செ.மீ. நீளத்துக்கு இழுத்துத் தேய்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது! அதுவே 250-ல் ஒரு பங்கு என்றால் 8 மில்லிமீட்டர் கோடு. 1000-ல் ஒரு பங்கு என்றால் 2 மில்லிமீட்டர்தான். பனிப்பஞ்சு இன்னும் நிதானம். நொடிக்கு ஒரு மீட்டர் போல மிதந்து வரும். 250-ல் ஒரு பங்கே அதற்குத் தாராளம்.

பல செல்போன்களில் 'புரோ' என்ற பிரிவில் இந்த எண்ணை நாமே மாற்றலாம். நேரத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். அப்போது 'ஐ.எஸ்.ஓ.' எண்ணைக் கூட்ட வேண்டும். ரொம்பவும் கூட்டினால் படம் மணல் தூவியது போல ஆகிவிடும்.

எண்ணை விடவும் முக்கியம், பின்னணி. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினால் பளிச்சென்று தெரிகிறது. வெள்ளைச் சுவரில் எழுதினால்? வெளுத்த வானத்தின் முன்னால் சாரலும் அப்படித்தான். அடர்ந்த புளியமரம், வெளிச்சமில்லாத வாசற்படி, நனைந்த கரும்பாறை இவற்றைப் பின்னால் வையுங்கள். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் துளிகள் மின்னும். பிளாஷ் போட்டால் கேமராவுக்கு அருகில் உள்ள துளிகள் மட்டும் வெள்ளை வட்டங்களாகப் பெரிதாகத் தெரியும். எனக்கு அது பிடிப்பதில்லை. நீங்கள் எடுத்துப் பாருங்கள்.

பனி சாம்பலாகத் தெரிந்ததற்குக் காரணம், எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாகக் காட்டும் கேமராவின் பழக்கம். குற்றாலம் பேரருவியின் நுரை படம் முழுக்க நிறைந்தாலும் இதே கதைதான். திரையைத் தொட்டால் பல போன்களில் சூரியன் போல ஒரு குறி வரும். அதைச் சற்று மேலே தள்ளினால் வெள்ளை வெள்ளையாகும். கரும்பாறை அதிகமாக இருந்தால் கீழே தள்ளுங்கள்.

அருவியைப் பட்டுத்துணி போல எடுக்க ஷட்டரை கால் நொடி திறந்து வைக்க வேண்டும். கேமரா ஆடக் கூடாது. பெரியவர்களோடு போய், தள்ளி நின்றே எடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோய்விட்டது.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். 1885-ல், 19 வயதில், மைக்ரோஸ்கோப்பையும் கேமராவையும் இணைத்துப் பனித்துகளைப் படம் எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள்! விழும் துகளை அவர் ஏந்தியது எதில் தெரியுமா? கறுப்புப் பலகையில்!

மழைத்துளியை அளக்கவும் அவர் ஒரு வழி கண்டார். தட்டில் மாவைப் பரப்பி, மழையில் சில நொடிகள் நீட்டினார். துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டை ஆயிற்று. நீங்களும் அம்மாவிடம் கேட்டுக் கொஞ்சம் மைதா எடுத்துச் செய்யலாம். காய்ந்ததும் சலித்துப் பாருங்கள். பெரிய துளி வேகமாக விழும். உருண்டை ரவை அளவு இருந்தால் ஷட்டரை 250-ல் ஒரு பங்கில் வையுங்கள். மிளகு அளவு இருந்தால் அது நொடிக்கு 9 மீட்டர் பாயும் மழை. 1000-ல் ஒரு பங்கு வேண்டும்.