ஏடும் எண்ணிமமும்

கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகளார், 1554இல் உரோம எழுத்தில் அச்சேறிய தமிழ் நூலை லிசுபன் நகரிலே கண்டு அறிஞருலகுக்கு உணர்த்தினார். இன்று கரம்பொன் மாணவர், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் வாயிலாக, ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றைக் கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறு படியில்லா ஏடுகள் மீளாதொழிந்தன. எண்ணிமப் படிமத்தையோ பல இடங்களிற் சேமிக்கலாம். ஓரிடத்துத் தீ அதனை முற்றும் அழிக்காது. ஆயினும் பொறி தானே தேடுவதன்று, கொடுத்ததையே காக்கும். ஆதலின், தீவக வீடுகளிற் செல்லரிக்கும் ஏடுகளைத் தேடியெடுத்துப் படிமமாக்குவித்தல் இளையோர் கடனாகும். அடிகளாரின் தேடல் கடல்கடந்து சென்றது. இன்றைய மாணவரின் தேடல் வீட்டுப் பரணிலே தொடங்குகின்றது.