‘இன்டரஸ்ட்’ என்னும் ஒரு சொல்

செண்பகத்தோப்பு அடிவாரத்து விவசாயியும் இராஜபாளையத்து நெசவாளரும் கடன் பத்திரங்களில் காணும் ஆங்கிலச் சொல் ‘இன்டரஸ்ட்’. ஆங்கு அதன் பொருள் வட்டி. பொதுக் காரியத்தில் வரின் நலன். மனத்தைக் குறிப்பின் ஆர்வம், அக்கறை. சொத்தைக் குறிப்பின் பாத்தியதை. ‘இடையே இருத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே இதன் வேர்.

நிலத்தின்மீதுள்ள ‘இன்டரஸ்ட்’ முழுவதையும் எழுதிக் கொடுப்பதாகப் பத்திரம் கூறுமாயின், அதனை வட்டியென்று எண்ணிக் கையொப்பமிடலாகாது, பாத்தியதையே கைமாறிவிடும். ஆதலின், அங்கத்தினர்கள் பொருளைக் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவார்களாக.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கியோர் மூலதனத்திற்கு வரம்புடைய வட்டியே அளித்தனர். உபரியை அங்கத்தினரின் கொள்முதலுக்கேற்பப் பகிர்ந்தனர். வட்டி அளவோடிருப்பினும், அக்கறை குறையாதிருத்தலே சங்கத்திற்கு உரம்.