கைமாறும் பொருட்கள் – 14: எந்த ஊரில் ஓடிய ரேம்?

நாகர்கோவிலில் பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கப் போகிறவன் விலையை அப்புறம்தான் கேட்பான். "எந்தூர்ல கெடந்த சிஸ்டம்?" என்பது முதல் கேள்வி. பூதப்பாண்டி, தக்கலை, குலசேகரம் என்று பதில் வந்தால் பேச்சு தொடரும். குளச்சல், முட்டம், மணக்குடி என்றால் பேரமே பாதி விலையிலிருந்துதான் ஆரம்பிக்கும். பக்கத்தில் நின்று கேட்டால், சம்பந்தம் பேசப் போன வீட்டில் பூர்வீகம் விசாரிப்பது மாதிரி இருக்கும்.

காரணம் உப்பு. கடற்காற்றில் வருகிற உப்பு ஃபேன் வழியாக உள்ளே போய் மதர்போர்டில் படிகிறது. படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனில் பிடிக்கிற ஈரம் டிசம்பர் வரை முழுசாக விடாது. கரையோர வீடொன்றில் சில வருஷம் கிடந்த சிபியூவைத் திறக்கும்போது கூட இருந்தேன். பின்பக்க யுஎஸ்பி துளைகளில் செந்துரு. ஒரு ஸ்க்ரூ கழலாமல் தலை மட்டும் நசுங்கி வழுக்கியது. பேட்டரி உட்காரும் இடத்திலும் ரேம் ஸ்லாட் ஓரத்திலும் பச்சைக் களிம்பு. ரேமின் தங்கமுலாம் பூசிய பற்கள் மங்கியிருந்தன, அவ்வளவுதான். பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, வேறு போர்டில் செருகியதும் ஓடியது. போர்டு காயலான் கடைக்குப் போனது.

இப்படித் திறந்து பார்த்து, தேய்த்து, மாற்றிக் கொடுத்துக்கொள்கிறவர்களில் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம். கம்ப்யூட்டரில் படம் வரைகிற ஆட்கள். வரைவது இவர்களுக்குப் பிழைப்பு இல்லை. தனியார் பள்ளி ஆசிரியர், என்ஜினியரிங் கல்லூரி மாணவர்கள், பகலில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போட்டுவிட்டு ராத்திரி தனக்காக வரைகிறவர் என்று கலவையான கூட்டம். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கபடிப் போட்டிக்கும் ஓசியில் போஸ்டர் போட்டுக் கொடுப்பார்கள். டிசம்பர் வந்தால் குடில் போடும் பையன்கள் இவர்கள் வீட்டுத் திண்ணையில்தான். பெரும்பாலோர் கையில் கிரிட்டா, ப்ளெண்டர் போன்ற இலவச மென்பொருட்கள். ஆக, செலவு முழுக்க இரும்புக்குத்தான்.

புதிதாக வருகிற பையன் முதலில் கேட்பது கிராஃபிக்ஸ் கார்டு. அங்கேயே அவனைத் தடுத்து உட்கார வைக்க வேண்டும் என்பது என் கட்சி. கணக்கு எளிதானது. ஏ4 தாளில் 300 டிபிஐயில் ஒரு படம் என்றால் 2480-க்கு 3508 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு லேயருக்கு ஏறக்குறைய 35 எம்பி. 20 லேயர் போட்டால் 700 எம்பி. அதோடு செய்ததைத் திரும்ப அழிக்கிற வசதிக்கு மென்பொருள் எடுத்துக்கொள்ளும் இடம் தனி. பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் 72 டிபிஐயில் என்றால் ஒரு லேயரே 240 எம்பி பக்கம் வந்துவிடும். இதெல்லாம் உட்காருவது ரேமில். ரேம் போதாமல் போனால் சிஸ்டம் ஹார்டு டிஸ்கில் எழுத ஆரம்பிக்கும்; பிரஷ் கோடு கைக்குப் பின்னால் இழுபட்டு வரும். அதனால் முதலில் ரேம், பிறகு ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, பிறகு நிறம் ஒழுங்காகக் காட்டுகிற மானிட்டர். கார்டு, முப்பரிமாணத்தில் ரெண்டர் போடுகிறவனுக்கு. அவனுக்கும் பொறுமை இருந்தால் சமாளிக்கலாம். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாட்விய அனிமேஷன் படம் 'ஃப்ளோ' முழுக்க ப்ளெண்டரில் செய்யப்பட்டது. பெரிய ஸ்டூடியோக்கள் வைத்திருக்கும் ரெண்டர் பண்ணை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

நம் ஊரில் இந்த வரிசைக்கு அடித்தளம் போட்டது அரசாங்கம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சுமார் பத்து வருஷத்துக்குள் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. மூடியில் முதலமைச்சர் படம், உள்ளே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும். முதல் வருஷங்களில் 2 ஜிபி ரேம், பின்னால் 4 ஜிபி. விற்கக்கூடாது என்று விதி. திறந்து ரேம் சேர்க்க எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. கீழே உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ரேமும் 2.5 இஞ்ச் ஹார்டு டிஸ்கும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே கூட்டவும் முடியாது, கழற்றிக் கொடுக்கவும் முடியாது. இந்தக் கூட்டத்தில் பலர் ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழகியதே பிளஸ் டூவில் கிடைத்த அந்த லேப்டாப்பில்தான். டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-லுக்கும் வித்தியாசம் 1.5 வோல்ட்டும் 1.35 வோல்ட்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய திட்டம் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு. அதில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும். வரைகிற பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம்.

சாமான் கைமாறுவது சங்கிலியாக நடக்கிறது. ஒருவர் 16 ஜிபிக்குப் போனால் அவருடைய 8 ஜிபி அடுத்தவருக்கு. அந்த அடுத்தவரின் 4 ஜிபி, பழைய அரசு லேப்டாப் வைத்திருக்கும் தங்கச்சிக்கு. பணம் உடனே கொடுக்க வேண்டியதில்லை. "ஒரு வாரம் வச்சுப் பாரு மக்கா, ஓடுனா துட்டு குடு" என்பதுதான் வாரண்டி. ரேம் என்றால் மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுவார்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எஸ்எஸ்டி என்றால் அதுவரை எத்தனை டெராபைட் எழுதியிருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்துவிடலாம்.

கார்டுக்கு அப்படி ஒரு கண்ணாடி கிடையாது. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டு வைத்து அந்த நாணயம் தோண்டும் தொழில் படுத்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. துடைத்து, ஃபேன் மாற்றி வந்தால் புதுசுதான். மோசடியும் உண்டு. ஆர்எக்ஸ் 580 என்று பெயர் போட்டு, சீனச் சந்தைக்கென்று வந்த 2048எஸ்பி ரகத்தைத் தலையில் கட்டுவார்கள். அது உள்ளுக்குள் ஏறக்குறைய 570. இன்னும் துணிந்தவர்கள் அரதப்பழைய கார்டின் பயாஸையே மாற்றி 1050 டிஐ என்று காட்ட வைப்பார்கள். ஜிபியூ-இசட் என்ற மென்பொருள் 2018 முதல் இந்தப் போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி ஆம்னி பஸ் பார்சலில் நாகர்கோவிலுக்கு வந்த கார்டை, ஒருமுறை திருப்பி அனுப்பும் செலவை நினைத்தே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கூட்டத்துக்குள் கைமாறிய கார்டில் இந்தப் பயம் இல்லை. அது யார் வீட்டில், எந்த அறையில், ஸ்டெபிலைசர் இருந்தா இல்லாமலா என்பதுவரை ஆளுக்கு ஆள் தெரியும். விலையில் பாதி அந்த வரலாற்றுக்குத்தான் என்பேன்.

ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி சின்னப் பெட்டிகள் இப்போது ஏராளம். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பெட்டிகள் வெளியே வந்தன. லினக்ஸ் போட்டு கிரிட்டா ஓட்ட அருமையான பெட்டி. சின்ன பவர் சப்ளை என்பதால் தனி மின்வயர் கேட்காத, உயரம் குறைந்த கார்டுதான் அதில் உட்காரும். அதுவும் பலருக்குத் தேவைப்படாது.

போன வருஷக் கடைசியிலிருந்து சங்கிலி கொஞ்சம் இறுகிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. நம் ஊர்க் கடைகளில் நல்ல பெயர் வாங்கிய 'க்ரூஷியல்' ரேம் வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. மேசை டிராயரில் சும்மா கிடந்த டிடிஆர்4 துண்டுகளை இப்போது எடுத்து எண்ணிப் பார்க்கிறார்கள். "சும்மா எடுத்துட்டுப் போலே" என்றவரே "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

விலை ஏறாமல் கைமாறிக்கொண்டிருப்பது பேனா டேப்லெட். மாடல் பழைய மாடலாக இருந்தாலும் கோட்டுக்குக் குறை வராது. வாக்கம் பேனாவுக்கு பேட்டரியே கிடையாது. டேப்லெட் பரப்பிலிருந்து வரும் மின்காந்த அலையில் இயங்குகிறது. தேய்வது நுனி ஒன்றுதான். கம்பெனி நுனி தீர்ந்துபோனால், ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டும் மெஷினுக்குப் போடுகிற நைலான் நரம்பைச் சரியான தடிமனில் வாங்கி, அளவுக்கு வெட்டி, உப்புத்தாளில் நுனியை உருட்டிவிட்டுச் செருகுகிறார்கள். நுனியைக் கூராக விட்டால் டேப்லெட் பரப்பில் கீறல் விழும், அதைமட்டும் கவனிக்க வேண்டும்.

எல்லாம் கைமாறும் இந்தக் கூட்டத்தில் ஹார்டு டிஸ்கை மட்டும் யாரும் கொடுப்பதில்லை. எஸ்எஸ்டி போட்டதும் வெளியே வந்த பழைய டிஸ்கை யுஎஸ்பி கேஸில் போட்டு, வரைந்ததையெல்லாம் அதில் ஒரு பிரதி எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஓட்டிப் பார்ப்பதும் உண்டு, மழைக்காலத்தில் இரண்டு முறை.

(அடுத்த வாரம்: பழைய தையல் மெஷின்கள்)