உங்களுக்குத் தெரியுமா? துள்ளும் பேட்டரி!

புது ஆல்கலைன் பேட்டரியைத் தட்டை முனை கீழே இருக்கும்படி, ஒரு சாண் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் நேராக விடுங்கள். ‘டொப்’பென்று விழுந்து அடங்கிவிடும். பயன்படுத்திய பேட்டரியோ துள்ளும்!

• புதிதில் உள்ளே இருப்பது கொழகொழப்பான களிம்பில் கலந்த துத்தநாகத் தூள். விழும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. மின்சாரம் செலவாகச் செலவாகத் துத்தநாகம் ஆக்சைடாக மாறி, துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. துள்ளலுக்குக் காரணம் இதுதான்.

• துள்ளுகிறதே என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்! அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு இது: ஏறக்குறையப் பாதி மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே துள்ளல் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது.

• எந்த பேட்டரி அதிக நேரம் உழைக்கும் என்று பள்ளியில் சோதிக்கப் போகிறீர்களா? எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி டார்ச் பல்பை இணைத்து, பல்பு எரியும்போதே வோல்ட்டை அளந்துவிடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கழற்றி வைத்தால், களைத்த பேட்டரியும் சற்றுத் தேறி, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

• டார்ச்சில் மங்கிய பேட்டரியைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள். அதற்குத் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு, வாரக்கணக்கில் ஓடும்.