பால்மரப் பட்டைக்கு வந்த கத்திப் போட்டி

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. சுங்கை பட்டாணி, பீடோங், குரூண், கூலிம், பாடாங் செராய் என்று கெடா மாநிலமெங்கும் ரப்பர் கோலோச்சிய காலத்தில், அன்றைய தினம் தோட்டத்து ஆலயங்களில் அம்பாளின் திருவடியில் வரிசை பிடித்தவை பால் வெட்டும் கத்திகளே. ஏடும் பேனாவும் பள்ளிப் பிள்ளைகளுடையவை; அவற்றுக்கு அடுத்த வரிசைதான் கிடைக்கும். கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்ட கத்திகளுக்குத் தீபம் காட்டும்போது, அதே கத்தியை நம்பி அடுப்பெரியும் குடும்பங்கள் கைகூப்பி நின்றன.

ஆலயத்தில் அக்கத்தி பெற்ற மரியாதையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அது நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை அறிந்தவர் மிகச் சிலரே. ஒரு முழம்கூட நீளமில்லாத அந்தச் சிறு கருவிக்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துரைமாரும் இரும்புச் சாமான் உற்பத்தியாளரும் ஒருவரையொருவர் முந்துவதற்குப் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்தப் போட்டியில் வென்றது எது, ஏன் வென்றது என்பதில் நம் முன்னோரின் பங்கு அடங்கியிருக்கிறது என்பதாலேயே அதனை இவ்வாண்டு விழாச் சிறப்பிதழில் எழுதத் துணிந்தோம்.

பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. மரம் வந்துவிட்டது, அதனிடம் பால் கேட்கும் முறை வரவில்லை. பிரேசிலில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். காடு முழுவதும் மரம் இருக்கும்போது அது செல்லும். விலைக்கு நிலம் வாங்கி நட்ட மரத்தை அப்படிக் கொத்த முடியுமா? 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, 1890களில் விடை கண்டார். பழைய வெட்டு வாயையே மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவினால், மரம் சாகாமல் நெடுங்காலம் பால் தரும் என்று அவர் நிரூபித்தார். புதிய இடத்தில் வெட்டத் தேவையில்லை. நேற்றைய காயத்தின் ஓரத்தை இழைபோல் எடுத்தால் போதும்.

ஆகவே, கொத்துகிற கருவி போய்ச் சீவுகிற கருவி தேவைப்பட்டது. அது எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் போட்டி மூண்டது.

முதலில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். தச்சரின் குழியுளியும், குதிரைக் குளம்பைச் சீவுகிற வளைநுனிக் கத்தியும் பால்மரத்துக்கு வந்தன. பின்னர் ஆளுக்கொரு கத்தி செய்யத் தொடங்கினர். இலங்கையில் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் 1906 செப்டம்பரில் நடந்த ரப்பர் கண்காட்சியில் இத்தகைய கத்திகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கோலட்ஜ், ஹாலோவே, மில்லர், போமன்–நார்த்வே என்று செய்தவர் பெயரே கத்திக்கும் பெயராயிற்று. பெரும்பாலோர் தோட்டத்துரைகள், கொல்லுப் பட்டறையில் ஒருநாளும் நின்றறியாதவர்கள். ஆயினும் தம் பெயர் பொறித்த கத்தி கிழக்கு நாடுகளின் தோட்டமெல்லாம் போக வேண்டும் என்ற ஆசை அவர்களை விடவில்லை.

ஆசைக்குக் காரணமும் இருந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1909ஆம் ஆண்டின் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. காடழித்துக் கன்று நடும் வேலை தெற்குக் கெடாவில் மும்முரமாயிற்று. கோடிக்கணக்கான மரங்கள், அத்தனைக்கும் கத்தி வேண்டும். எவருடைய கத்தி?

போட்டியாளர் அனைவரும் விற்க முயன்றது ஒரே வாக்குறுதியைத்தான்: எங்கள் கத்தி மரத்தைக் காயப்படுத்தாது. அதற்காக அலகின் பக்கத்தில் காவல் தகடு வைத்தார்கள். ஆழத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகாணி வைத்தார்கள். தேய்ந்த அலகைக் கழற்றி மாற்ற வகை செய்தார்கள். போமன்–நார்த்வே முறை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒருநாள் பட்டையைச் சீவுவது, அடுத்த முறை சீவாமல் முள் பதித்த சிறு சக்கரத்தை வெட்டுவாயில் உருட்டிக் குத்திப் பால் எடுப்பது என்று அது வகுத்தது. பட்டை மிச்சமாகும் என்பது கணக்கு. ஆனால், குத்தின இடமெல்லாம் உள்ளே காயமாகிப் பட்டை சமமாக வளராமற்போனதால் முட்சக்கரம் தோட்டங்களில் நிலைக்கவில்லை.

இந்த வாக்குறுதியின் உள்ளே மறைந்திருந்த எண்ணத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். துரைமார் தேடியது கைப்பழக்கமே வேண்டாத ஒரு கத்தி. கப்பலிலிருந்து நேற்று இறங்கிய ஆளிடம் கொடுத்தாலும் தானே அளவாக வெட்டிக்கொள்ளும் கத்தி. தொழிலாளியின் கை நம்பத்தகாதது, இரும்புத் தகடு நம்பத்தக்கது என்ற கருத்தை மூலதனமாக்கித்தான் உற்பத்தியாளர் வியாபாரம் நடத்தினார்கள். தமிழன் கையைப்பற்றி அவர்கள் போட்ட கணக்கு அது.

கணக்கு தப்பாயிற்று. ஏன் என்று புரிய, மரத்தின் பட்டையைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், மரக்கட்டையை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. கட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளர்படலத்திலிருந்துதான் புதுப்பட்டை பிறக்கிறது. அதனைத் தொடாமல், ஆனால் அதற்குச் சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை நெருங்கிப் போய் வெட்ட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் படலம் அறுபட்டு மரத்தில் முண்டு முடிச்சு விழும். பட்டையின் தடிப்போ மரத்துக்கு மரம் வேறு. ஒரே மரத்தில் மேலும் கீழும் வேறு. ஒரே அளவில் திருகி வைத்த காவல் தகடு, ஒரு மரத்தில் சரியாகவும் அடுத்த மரத்தில் பிழையாகவும் இருப்பது இயல்புதானே! மரத்துக்கு மரம் அளவை மாற்ற வல்லது மனிதனின் மணிக்கட்டு ஒன்றே.

மேலும் பால் குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. ஆதலால் வெட்டு இடப்புற மேட்டிலிருந்து வலப்புறத் தாழ்வுக்கு இறங்கினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். ஒட்டுக்கட்டிய மரத்துக்கு அந்தச் சரிவு சுமார் 30 பாகை. வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் தணிந்து பால் குறையும் என்பதால் இவ்வளவும் விடியுமுன் தொடங்க வேண்டும். ஒரு நிரையில் 400 முதல் 600 மரங்கள். நெற்றியில் விளக்கு, காலடியில் ஈரம், சுற்றிலும் கொசு. சீவுகிற கனம் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால், ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டில் ஆண்டுக்கு 150 வெட்டு என்று வைத்துக்கொண்டாலும் 22.5 சென்டிமீட்டர் பட்டைதான் தீரும். கை தடித்து இரண்டரை மில்லிமீட்டர் எடுத்தால் 37.5 சென்டிமீட்டர் போய்விடும். 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கிய பட்டை முன்னதற்கு ஆறு ஆண்டுக்கு மேல் வரும். பின்னதற்கு நான்கே ஆண்டு. ஒரு தோட்டத்தின் ஆயுள் அந்த ஒரு மில்லிமீட்டரில் இருந்தது. அந்த மில்லிமீட்டரைக் காத்தவர்கள் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கப்பட்ட நம் தாய்மாரும் தந்தைமாருமே.

திருகாணிக் கத்திகள் ஒவ்வொன்றாக மறைந்தன. திருகில் பாலும் பட்டைத்தூளும் உறைந்துகொண்டால் எந்தத் திருகுதான் திரும்பும்? எஞ்சியவை தகடுமில்லாத, திருகுமில்லாத எளிய கத்திகள். இலங்கையிலும் கேரளத்திலும் மிச்சி–கோலட்ஜ் கத்தி நிலைத்தது. மலாயாவில் ஜெபோங் கத்தி நிலைத்தது. தைப்பிங்குக்கு அருகில் அதே பெயரில் ஓர் ஊரும் உண்டு. நுனி மடிந்த அலகும் மரப்பிடியுமாக, தன்பக்கம் இழுத்துச் சீவும் கத்தி அது. தீட்டுக்கல் ஒன்றிருந்தால் அதைக் கூராக்கிக்கொள்ளலாம். மடிப்பின் உட்புறத்தைத் தீட்டுவதில்தான் வித்தை. குழியுளியோ தள்ளி வெட்டுவது. உயரத்துப் பட்டையை மேல்நோக்கி வெட்டும் முறை வந்தபின் நீண்ட பிடியோடு அதற்கும் வேலை கிடைத்தது. பின்னாளில் சிரம்பானை அடுத்த மம்பாவ் என்ற சிற்றூரின் பெயரும் கத்தியோடு சேர்ந்து தீபகற்பமெங்கும் பேர்பெற்றது. துரைமார் பெயர் தாங்கிய கத்திகள் மறந்துபோய், ஊர்ப்பெயர் தாங்கிய கத்திகள் நின்றன என்பது கவனிக்கத்தக்கது.

பால் கத்திக்கு வெளியேயும் பெரிய பகை ஒன்று நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1624 முதலே கத்தி செய்வோர் சங்கம் சட்டப்படி இயங்கி, ஒவ்வொரு பட்டறைக்கும் தனி முத்திரை வழங்கி வந்தது. ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்த மலிவான கத்திகள் ஷெஃபீல்டு பெயரைத் தாங்கி விற்கப்படுகின்றன என்ற கூக்குரல் எழ, 1887இல் வாணிகக் குறிச் சட்டம் பிறந்தது. செய்த நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் அதனால் பரவிற்று. தாழ்வுக் குறியாக நினைத்துப் போட்ட ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற சொல் நாளடைவில் உயர்வுக் குறியாகிவிட்டது வேறு கதை. நம் நாட்டிலும் முத்திரையை நம்பி வாங்கும் பழக்கம் வேரூன்றியது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில் இருந்து வந்த முதலை மார்க் மண்வெட்டியை, மலாய்க்காரர் ‘சாப் புவாயா’ என்பதை, அறியாத தோட்டக் குடும்பம் உண்டா?

வெளிநாட்டு இரும்பைப் பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பீடோங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் பழங்கால இரும்பு உருக்கும் உலைகளும், துருத்திக் காற்றைச் செலுத்திய மண் குழாய்களும் வெளிப்பட்டன. அவற்றின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்வோரும் உளர், அதனை ஏற்காதோரும் உளர். எப்படியாயினும் கடாரத்து மண்ணுக்கு இரும்பு உலை புதிதன்று.

1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெட்டு முறைகளுக்கு ஒழுங்கு கொடுத்தது. கைப்பழக்கத்தை ஒழிக்கும் கனவு மட்டும் ஒழியவில்லை. அதே கழகம் பின்னர் ‘மோட்டோரே’ என்ற விசைக் கத்தியை உருவாக்கிப் பார்த்தது. கைக்கத்தியை அது விரட்டவில்லை. இப்போது சீனாவில் ஹைனான் தீவின் வெப்பமண்டல வேளாண் ஆய்வாளர்கள் மின்கலத்தால் ஓடும் கத்திகளைச் செய்து தருகிறார்கள். பழகாத ஆளும் வெட்டலாம் என்பதே இதற்கும் விளம்பரம். 1906இன் குரல் மீண்டும் கேட்கிறது! ஆள் கிடைக்காத இன்றைய சிறு தோட்டக்காரருக்கு அது உதவுமாயின் நல்லதே. பட்டை என்ன சொல்கிறது என்று பத்து ஆண்டு கழித்துப் பார்க்க வேண்டும்.

கெடாவிலோ பல தோட்டங்களில் பால்மரமே இல்லை. செம்பனை வந்து, அதனோடு குலையறுக்கும் அரிவாளும் உளியும் வந்து, 2000க்குப் பின் செம்பனை வாரியத்தின் ‘கந்தாஸ்’ என்ற விசை அரிவாளும் வந்துவிட்டது. வேறு சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயம் இருந்த இடம் தெரியவில்லை. ஆயினும் ஆலயம் பல இடங்களில் இருக்கிறது. சில இடங்களில் புதிய நிலத்தில் குடியேறியிருக்கிறது. நகரத்துக்குப் போன பிள்ளைகள் திருவிழாவுக்கு அங்குதான் திரும்பி வருகிறார்கள்.

அந்த ஆலயங்களில் முனீஸ்வரர் சந்நிதியில் நாட்டிய அரிவாள்களை நாம் துருப்பிடிக்க விடுவதில்லை. எண்ணெய் பூசி, எலுமிச்சை குத்தி, பயபக்தியோடு பேணுகிறோம். சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கும் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவோரும் நம்மிடையே உண்டு. பால் கத்திக்கு மட்டும் அத்தகைய இடம் கிட்டவில்லை. வீடு மாறும்போது பழைய இரும்போடு எடைக்குப் போவது அதுதான். பிடி தேய்ந்து, தீட்டித் தீட்டி அலகு பாதியாய்க் குறைந்த கத்திகள் இன்றும் சில வீடுகளின் சமையற்கட்டில் தேங்காய் ஓடு சுரண்டிக்கொண்டிருக்கின்றன.

ஆலய நிர்வாகத்தாருக்கும் உபயகாரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரும் ஆயுத பூசைக்குத் தத்தம் வீட்டிலுள்ள பால் கத்தியைக் கொண்டுவருமாறு பக்தர்களுக்கு அறிவியுங்கள். பூசை முடிந்தபின், தர விரும்புவோரிடம் பெற்று, மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பேழையில் வையுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு அட்டை போதும்: எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு வெட்டியது, இழுத்து வெட்டும் கத்தியா, தள்ளி வெட்டும் உளியா, அலகில் பொறித்த முத்திரை ஏதும் தெரிகிறதா, பிடித்திருந்தவர் பெயர் என்ன. முத்திரை தேய்ந்து போயிருக்கலாம். பெயரையேனும் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.