லேபிள் பசை எண்ணெய்க்கு மட்டும் ஏன் மசிகிறது?

காலி ஐஸ்கிரீம் டப்பாவில் பருப்பு போட்டு வைக்கலாம் என்று எடுத்தால், லேபிளின் தாள் தண்ணீரில் ஊறி வந்துவிடும். பசை மட்டும் பிசுபிசுவென்று நிற்கும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அழுக்குத் திரியாகத் திரளுமே தவிர, முழுதாகப் போகாது.

காரணம், அது காய்ந்து இறுகுகிற பசை இல்லை. ரப்பர் அல்லது அக்ரிலிக் வகையின் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. எப்போதும் பாதித் திரவமாகவே இருக்கும். அழுத்தியதும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் மெல்லப் பரவி ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் மூலக்கூறுகளுக்கு இடையிலான சிறு ஈர்ப்பே போதும். நாளாக ஆகப் பிடிப்பு கூடும். அதனால் டப்பா காலியானதுமே உரிப்பது நல்லது.

தண்ணீர் இந்தப் பசைக்குள் எளிதில் நுழையாது. எண்ணெய்க்கும் பசைக்கும் குணம் ஒத்துப்போவதால் எண்ணெய் நுழையும். தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விடுங்கள். பசை உப்பி, இளகி, துணியால் வழித்தாலே வந்துவிடும். மிஞ்சும் எண்ணெயைப் பாத்திர சோப்பு எடுத்துவிடும்.

வெந்நீரும் இளக்கும். ஆனால் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருக்கும் பெட் டப்பா 70, 80 டிகிரியிலேயே நெளிந்துவிடும். 5 என்றிருக்கும் பாலிபுரொப்பிலீன் தாங்கும். 6 என்றிருந்தால் அது பாலிஸ்டைரீன். அதில் நெயில்பாலிஷ் ரிமூவரைத் தடவ வேண்டாம்; அதிலுள்ள அசிட்டோன் பசையோடு அந்த டப்பாவையும் கரைக்கும்.